தள்ளுவண்டியை வேண்டாம் என்றது

தம்பியின் கிரெடிட் கார்டை வாங்கித் தேய்த்தவள் நான். அவன் தலை உருளும்போது நான் எப்படிச் சும்மா உட்கார்ந்திருப்பது?

சிறுசேரியில் கம்பெனி வாசலுக்கு எதிரே இட்லிக்கடை போட ஆசைப்பட்டு, சதுரங்கப்பட்டினத்தில் எவர்சில்வர் பட்டறை வைத்திருப்பவரிடம் ஒரு தள்ளுவண்டி செய்யச் சொல்லியிருந்தேன். எழுத்து, கையெழுத்து எதுவும் கிடையாது. வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டோம், அவருடைய மிஷினில் முழுத்தொகைக்கும் கார்டைத் தேய்த்தோம், ஆச்சு. பத்தே நாளில், அங்கே யாரும் கடை போடக்கூடாது என்று கயிறு கட்டிவிட்டார்கள். அன்றைக்கே போன் போட்டு வண்டியை ரத்து செய்தேன். பணம் திரும்பவில்லை. கார்டு பில்தான் வந்தது.

தம்பிக்கு வீட்டுக்கடன் கையெழுத்தாகிற சமயம். கார்டில் பாக்கி நின்றால் கடன் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அவன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் ரெண்டு சொல்லி ஆறியிருப்பேன். என் வீட்டில் சாப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டான்.

பஸ் பிடித்துப் பட்டறைக்கே போனேன். வண்டி பாதி முடிந்து நின்றது. தகடெல்லாம் வெட்டியாகிவிட்டது, இப்போது வந்து காசு கேட்டால் எப்படி என்றார். எனக்கோ வாய்க்குப் பூட்டே கிடையாது. அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, "திருட்டுப் பொழப்பு பொழைக்கிறியே" என்று கேட்டுவிட்டேன். அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் தம்பியோடு செங்கல்பட்டில் பேங்குக்குப் போனேன். கார்டில் போன பணத்தைத் திரும்பக் கேட்டுப் புகார் கொடுக்க அன்றுதான் கடைசி நாள். ரத்து செய்ததற்கு ஆதாரம் இருக்கிறதா என்று அங்கிருந்த அம்மா கேட்டார். என் போன் எல்லாப் பேச்சையும் தானாகவே பதிவு செய்கிற போன். மாட்டினார் மனுஷன் என்று நினைத்துக்கொண்டு, வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து தம்பிக்குப் போட்டுக் காட்டினேன்.

என் குரல்தான் முதலில் வந்தது. "அண்ணாத்த, அங்க கட போட வுடமாட்டேன்றாங்க. தை பொறக்கட்டும், பாக்கலாம்."

"அதுக்கின்னாம்மா. நான் மெதுவா வேலைய பாத்துகினு இருக்கேன்."

"ஆங், சரி சரி."

அவ்வளவுதான் பேச்சு. எங்கள் பக்கத்தில் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. பெண் பார்க்க வந்து பிடிக்காமல் போகிறவர்கள்கூட, கலந்து பேசிச் சொல்கிறோம் என்றுதான் எழுந்து போவார்கள். நானும் அப்படித்தான் ரத்து செய்திருக்கிறேன். அந்த மனுஷன் தை மாதத்துக்கு வண்டி செய்துகொண்டிருந்திருக்கிறார்.

"இன்னாக்கா, நீ வேணாம்னே சொல்லலியே" என்றான் தம்பி.

பேங்கில் கொடுத்த புகார் ஃபாரம் என் மடியில் இருந்தது. பதிவைக் காட்டாமல் அதை மட்டும் உள்ளே கொடுத்திருக்கலாம். பொய் சொல்ல எனக்குத் தெரியாது என்றில்லை. பேங்கு மூட இன்னும் அரை மணி நேரம் இருந்தது. தம்பி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பட்டறைக்காரருக்குப் போன் போட்டேன். அன்றைக்கு நாம் பேசின பதிவை இப்போதுதான் கேட்டேன், தப்பு என்னுடையதுதான் என்றேன்.

"இப்ப சொல்லு. வண்டி வேணுமா, வேணாவா?" என்று கேட்டார்.

அப்போதும் பாழாய்ப்போன அந்த 'பாக்கலாம்' தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, "வேணாம்" என்றேன்.

"சரி. தகட வேற வண்டிக்குப் போட்டுக்குறேன். உன் டப்பு நாளைக்கு கார்டுல திரும்பிடும்." போனை வைக்கப் போகிறார் என்று நினைத்தேன். "நாலு பேர் எதுர்ல என்ன திருடன்னு சொன்ன. அத எந்தக் கார்டுல திருப்பிப் போடுவ?"

பணம் சொன்னபடி வந்தது. கடனும் கையெழுத்தானது. தம்பி மறுபடி என் வீட்டில் சாப்பிடுகிறான். அந்த நாலு பேர் முன்னால் போய் நின்று, நான் சொன்னது தப்பு என்று சொல்ல வேண்டும். இரண்டு வருஷமாகிறது, இன்னும் சதுரங்கப்பட்டினம் பஸ்ஸில் ஏறவில்லை.