கதவைப் பார்த்த பிள்ளை

பிள்ளையைக் கையில் வாங்கும்போது வேலாயி தாயின் முகத்தைப் பார்ப்பதில்லை. பிள்ளையின் விரல்களைத்தான் விரித்துப் பார்ப்பாள். நகம் வளர்ந்திருந்தால் வாசற்படியிலேயே உட்கார வைத்து, இடுப்பில் செருகியிருக்கும் சின்னக் கத்தரிக்கோலை எடுத்துவிடுவாள். "இத வச்சிக்கிட்டு எவன் மூஞ்சிய கிழிக்கப் போவுது இந்தப் புலி?" என்று நறுக்கிக்கொண்டே கேட்பாள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நேரமாகிவிட்ட தாய் பதில் சொல்ல நிற்காமல், இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கை இறுக்கிக்கொண்டு மேட்டில் ஓடுவாள்.

இலங்கை மலைநாட்டில், கொட்டகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் அடிப்பிரிவான கீழ் டிவிசனில் இருக்கிறது அந்தப் பிள்ளைக் காம்பரா. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் பிள்ளைகள் பகல் முழுக்க அங்கேதான். வேலாயி அங்கே ஆயாவாகச் சேர்ந்தபோது அவளுக்குக் கலியாணம்கூட ஆகியிருக்கவில்லை. இப்போது தலை வெளுத்துவிட்டது. வாசலில் 'சிறுவர் அபிவிருத்தி நிலையம்' என்று புதுப் பலகை தொங்குகிறது. டிப்ளோமா முடித்த லோஜினி பொறுப்பாளராக வந்து, சுவரெல்லாம் முயலும் வாத்தும் வரைய வைத்திருக்கிறாள். வேலாயிக்கு அந்த வாத்தைப் பிடிக்காது. பிள்ளைகளை முறைத்துப் பார்க்கிறதாம்.

டிவிசனில் நாற்பது வயதுக்குக் கீழே இருக்கும் எவரையும் வளர்ந்த ஆளாக அவள் ஒப்புக்கொண்டதில்லை. மீசையை முறுக்கிக்கொண்டு வேலையை மேற்பார்க்க மலைக்கு வரும் கணக்கப்பிள்ளை அவளுக்கு இன்னமும் 'மண்ணு தின்னி'. ஹட்டன் பஸ் ஓட்டும் நிரஞ்சன் 'கால்சட்டை போடாதவன்'. கூட்டமான பஸ்ஸில் அவள் தலை தெரிந்தால் போதும், அவள் வாயைத் திறக்குமுன் நிரஞ்சன் முன்சீட்டில் இருப்பவரை எழுப்பி இடம் பண்ணிக் கொடுத்துவிடுவான். பெண் கொடுக்க யோசிக்கிறவர்கள் அந்தியில் மெதுவாக, வரிசை வீடுகளான லயத்தில் அவள் குடியிருக்கும் காம்பராவுக்கு வருவார்கள். "நல்ல பையந்தான். ஆனா சோத்த வாயில அடக்கி வச்சிக்கிட்டு முழுங்க மாட்டான், பாத்துக்கங்க" என்று சொல்லி அனுப்புவாள். மாப்பிள்ளை கொழும்பில் ஹோட்டல் சமையல்காரனாக இருப்பான். அதெல்லாம் அவளுக்குக் கணக்கில்லை.

பிள்ளைகள் கடிப்பதைப் பற்றி அவளுக்கு ஒரு தனி அபிப்பிராயம் உண்டு.

"கடிக்காத புள்ள எங்கயாச்சும் இருக்கா? பல்லு மொளச்சா கடிக்கத்தான் செய்யும். கடிச்ச பொறகு எங்க பாக்குதுன்னுதான் நான் பாப்பேன். சிலது கடிபட்ட புள்ளயப் பாத்துட்டு அதுவும் சேந்து அழுவும். சிலது பல்லு பதிஞ்ச எடத்த ஆசையா பாத்துக்கிட்டிருக்கும். அதக்கூட விட்டுறலாம். சிலது மட்டும் நிமுந்து கதவப் பாக்கும், நான் வர்றேனான்னு. அதுதான் எனக்குப் பயம்."

இந்த அபிப்பிராயம் காம்பராவுக்குள்ளேயே இருந்திருந்தால் ஒரு தொல்லையும் வந்திருக்காது. பிரதேச சபைத் தேர்தல் வந்தது.

டிவிசனிலிருந்து திலக்ஷன் நின்றான். கொட்டகலையில் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவன். கசங்காத வெள்ளைச் சட்டைக்காரன். தினமும் ஒரு வீடியோவில் வந்து கைகூப்புவான். தண்ணீர்ப் பீலியில் குடம் நிரப்பிக்கொண்டிருந்த பெண்கள் அவன் போஸ்டரைப் பார்த்து, நம்ம கஷ்டம் தெரிஞ்ச பையன் என்று பேசிக்கொண்டார்கள். பக்கத்தில் பிள்ளைகளின் பாயைக் கழுவிக்கொண்டிருந்த வேலாயி தலையைத் தூக்காமலே, "யாரு, அவனா? கதவப் பாக்கிறவனாச்சே" என்றாள்.

குடங்கள் நிரம்பி வழிந்தன. யாரும் நகரவில்லை. வேலாயி பாயை உதறிப் போட்டுவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள்.

திலக்ஷனுக்கு அப்போது நாலு வயது. ஒரு மழை நாள். பால் காய்ச்சப் பின்பக்கம் போனவள் திரும்பும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பழைய கொழுந்துக் கூடை ஒன்று கவிழ்ந்து கிடந்தது. உள்ளே ஜெயகாந்தன். அவனுக்கும் அதே வயதுதான். கூடைக்குள்ளிருந்து அவன் கத்துகிற கத்தலில் மற்றப் பிள்ளைகளும் அழுதுகொண்டிருந்தன. மேலே திலக்ஷன் காலை ஆட்டியபடி உட்கார்ந்திருந்தான். கீழே குனிந்து ஒருதரம்கூடப் பார்க்கவில்லை. கண் கதவிலேயே இருந்தது. வேலாயி கதவைத் திறந்ததுதான் தாமதம், குதித்து இறங்கிக் கூடையைத் தூக்கிவிட்டு, "ஆயாம்மா, நாந்தான் காப்பாத்துனேன்!" என்றான்.

"அப்பவே எலக்சன் கேட்டிருக்கான்!" என்று ஒருத்தி சொல்ல, பீலியடியே சிரித்தது.

யாரோ போனில் பதிந்த அந்தக் கதையும் சிரிப்பும் மறுநாள் குரல் பதிவாகி எல்லோருடைய போனிலும் இருந்தது. எதிர்க்கட்சிக்காரர்கள் அதற்கு மேளச்சத்தம் சேர்த்திருந்தார்கள். திலக்ஷனின் வேன் போனால் பொடியன்கள், "கதவண்ணே! கதவண்ணே!" என்று பின்னால் ஓடினார்கள். கொட்டகலைக் கடைத்தெருவில் கூட்டம் வைத்து, "என் மக்களுக்காக நான் எந்தக் கதவையும் தட்டுவேன்" என்று அவன் தொண்டை கிழியச் சொன்னபோது, கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. ஏன் சிரிக்கிறார்கள் என்று முதலில் அவனுக்கு விளங்கவில்லை. அவனும் கூடச் சிரித்துவிட்டான்.

காம்பராவில் லோஜினி கோபமாக இருந்தாள்.

"நாலு வயசுப் புள்ளைக்கு அடுத்தவங்க வலி முழுசா வெளங்காதுங்க ஆயாம்மா. மூளை அப்பதான் வளருது. அத வச்சி இப்ப ஒரு ஆள எடை போடலாமா?"

"வெளங்காமத்தான் கதவப் பாத்தானா டீச்சர்?"

"ஏச்சு விழும்னு தெரியிறது வேற. அது எல்லாப் புள்ளைக்கும் தெரியும். சரி, சோலைமலையப் பத்தி என்ன சொன்னீங்க? கிள்ளிக்கிட்டே இருப்பான், ஜெயிலுக்குத்தான் போவான்னு சொன்னீங்களாம். இன்னைக்கு யாருக்குக் காய்ச்சல்னாலும் சோலைமலையோட ஆட்டோதானே வந்து நிக்கிது?"

வேலாயி பிள்ளைகளுக்கான திரிபோஷா சத்துமா உருண்டையை உருட்டுவதை நிறுத்தினாள். சோலைமலை விஷயத்தில் அவள் தோற்றது டிவிசனுக்கே தெரியும். "அவன் கிள்ளுவான். பொறகு தன் பிஸ்கட்ட ஒடச்சிக் குடுப்பான்" என்றாள். பிஸ்கட் விஷயம் அந்த நிமிடம்தான் அவளுக்கு ஞாபகம் வந்தது என்பது லோஜினிக்கு நன்றாகத் தெரிந்தது. வேலாயிக்கே சந்தேகம்தான். அன்று பகலெல்லாம் பிள்ளைகள் ஒன்றையொன்று கடித்தபோது அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் ஜெயகாந்தன் வந்தான். கூடைக்குள் இருந்த அதே ஜெயகாந்தன். திலக்ஷனின் கடை வேனை ஓட்டுகிறவனும் அவன்தான், வீடியோ எடுக்கிறவனும் அவன்தான். அவனுடைய சின்ன மகள் நிலக்ஷி இப்போது இதே காம்பராவில் வளர்கிறாள்.

"ஆயாம்மா, கூடைக்குள்ள இருந்தது நானு. எனக்கே ஞாபகமில்ல. ஒங்களுக்கு என்னாத்துக்கு?"

"ஒனக்கு எப்புடிடா தெரியும்? நீ உள்ள இருந்த. நாந்தானே வெளிய இருந்து பாத்தேன்."

"நாளைக்கு அவன் இங்க வாறான். நல்ல புள்ளன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க, நான் எடுத்துப் போட்டுர்றேன். ஜெயிச்சா லயத்துக்கு ரோட்டு போட்டுத் தர்றேன்னிருக்கான். இந்தப் புள்ளய என் சம்சாரம் எங்க பெத்தான்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். ஆம்புலன்ஸ் ஏற முடியாத அந்தப் பாதையில், கொழுந்து லொறிக்குள். லொறியில் ஏறித் தொப்புள்கொடியைக் கட்டியதே வேலாயிதான். அவள், "சாப்பாட்டு விசயத்துல நல்ல புள்ளதான். தொந்தரவே குடுக்க மாட்டான். அதச் சொல்லட்டுமா?" என்று கேட்டாள்.

"அது போதும் ஆயாம்மா."

மறுநாள் திலக்ஷன் அப்பிளும் திராட்சையும் நிறைந்த தட்டோடு வந்தான். வாசலிலேயே விழுந்து அவள் காலைத் தொட்டான். படமெடுத்த ஜெயகாந்தனின் விரல் போனில் சரியாகப் படவில்லை, பதிவாகவில்லை என்று எழுந்துபோய், மறுபடி வந்து விழுந்தான். இரண்டாம் தரம் வேலாயி காலை உள்ளே இழுத்துக்கொண்டதால் அவன் கும்பிட்டது வாசற்படியைத்தான். எழுந்து கை நீட்டியவனின் விரல்களை அவள் பழக்கதோஷத்தில் விரித்துப் பார்த்தாள். நகம் சுத்தமாக இருந்தது. பரவாயில்லை என்பதுபோலத் தலையை ஆட்டினாள்.

"இவங்கதான் எனக்கு முதல் சோறூட்டின தாய்" என்று போனைப் பார்த்துச் சொன்னான் திலக்ஷன். "நான் எப்புடிப்பட்ட புள்ளைன்னு நீங்களே சொல்லுங்க ஆயாம்மா."

"சோத்த சிந்தாம திம்பான்" என்றாள் வேலாயி, வாக்குத் தவறாமல்.

அது போதாது என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். பக்கத்தில் நின்ற நிலக்ஷியை அள்ளித் தூக்கினான். "இந்தப் பிஞ்சுகளோட எதிர்காலம்..." என்று தொடங்கினான். பிள்ளை வீரிட்டது. புது ஆளைக் கண்ட அழுகை என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். அவன் குலுக்கினான், அழுகை கூடியது. அவனுடைய கைக்கடிகாரச் சங்கிலியில் பிள்ளையின் முடி சிக்கியிருந்தது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அது இழுபட்டது. திலக்ஷன் போனையே பார்த்துச் சிரித்துக்கொண்டு, "சிரிங்க பாப்பா, மாமாவுக்கு ஒரு சிரிப்பு" என்றான்.

வேலாயி எழுவதற்குள் போன் கீழே இறங்கிவிட்டது. ஜெயகாந்தன் அதைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு வந்து, சங்கிலியிலிருந்து முடியை ஒவ்வொன்றாக விடுவித்து, பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

"எடுத்தியா மச்சான்?" என்றான் திலக்ஷன்.

"எடுத்துட்டேன்" என்றான் ஜெயகாந்தன், மகளின் முதுகைத் தட்டிக்கொண்டே.

திலக்ஷன் அப்போதுதான் தன் மணிக்கட்டைப் பார்த்தான். சங்கிலியில் மெல்லிய முடி ஒன்று மிச்சமிருந்தது. அவன் முகத்தில் வந்தது வெட்கமா எரிச்சலா என்று வேலாயிக்குச் சொல்லத் தெரியவில்லை. இத்தனை காலம் பிள்ளைகளின் முகம் பார்த்தவளுக்கே தெரியவில்லை. அவன் அப்பிள் தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டான். அந்த வீடியோ எங்கும் வரவில்லை.

அந்தியில் மகளைக் கூட்டிப்போக வந்த ஜெயகாந்தன், வழக்கம்போல உடனே கிளம்பவில்லை.

"கூடைக்கு ஓட்டை இருந்திச்சி ஆயாம்மா. அது வழியா அவன் காலு ஆடுறது தெரிஞ்சிச்சி. இன்னைக்கும் எவ்வளவு குளிருன்னாலும் கம்பளிய மூஞ்சிக்கு மேல போத்த மாட்டேன்."

"ஞாபகமில்லன்னியே?"

"சொன்னேன்."

"பொறகு ஏன்டா அவனுக்கு ஓடி ஓடிச் செய்யிற?"

"அவன் நல்லவனான்னு நான் பாக்கல. ரோட்டு போடுவானான்னுதான் பாத்தேன். வேற யாரு வந்து என்னா வேணும்னு கேட்டாங்க, சொல்லுங்க."

வேலாயி அப்பிள் தட்டைப் பக்கத்தில் இழுத்தாள். ஒரு அப்பிளை எடுத்து அவன் பைக்குள் திணித்தாள்.

அதன் பிறகு பீலியடியில் எத்தனை பேர் கிளறியும் அவள் வாயைத் திறக்கவில்லை. "பாயி காயணும், தள்ளுங்க" என்பதோடு சரி. ஓட்டுப் போட்டுவிட்டு, மை வைத்த விரலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வந்தாள். யாருக்குப் போட்டாள் என்பது விரலில் தெரிந்துவிடும் என்று பயந்தவள் போல. திலக்ஷன் கொஞ்ச வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தான். பட்டாசு வெடித்தது, பிள்ளைகள் பயந்து அழுதன. ஜெயகாந்தன் வேன் ஓட்டுவதை விடவில்லை. வீடியோ மட்டும் இப்போது வேறொருவன் எடுக்கிறான். லயத்துப் பாதையோரம் கல் கொட்டியாகிவிட்டது. கல் மட்டும்.

மழை இறங்கிய ஒரு பிற்பகல், கல்லைப் பார்க்க வந்த திலக்ஷன் நனைந்துபோய்ப் பிள்ளைக் காம்பராவுக்குள் ஒதுங்கினான். தனியாகத்தான் வந்திருந்தான். லோஜினி கூட்டத்துக்குப் போயிருந்தாள். பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தன. வேலாயி மூலையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவன் தலையைத் துவட்டிக்கொண்டு கதவோரம் நின்றான்.

பாயில் கிடந்த ஒரு கைக்குழந்தை விழித்துக்கொண்டு அழத் தொடங்கியது. திலக்ஷன் குழந்தையைப் பார்த்தான். பிறகு வேலாயியைப் பார்த்தான்.

"ஆயாம்மா, அழுவுது."

"ம்."

"தூக்க வேணாமா?"

வேலாயி உட்கார்ந்தபடியே சுவர்ப்பக்கமாகத் திரும்பினாள். அவன் என்ன செய்தாலும் தன் கண்ணில் படாதபடி முதுகு முழுவதையும் அவனுக்குக் காட்டிக்கொண்டு, மடித்து வைத்திருந்த துணிகளில் ஒன்றை எடுத்து உதறி, மறுபடியும் முதலிலிருந்து மடிக்க ஆரம்பித்தாள்.