வெந்நீர் ரூமா, ஐஸ் ரூமா?

1. கயிறு கட்டிய டேங்க்

சோலார் வாட்டர் ஹீட்டர் சர்வீஸில் நான் பார்த்த புகார்களில் பாதிக்கு ஹீட்டர் காரணமாக இருக்காது. வீட்டுக்காரர் வால்வை மூடிவிட்டு மறந்திருப்பார். நாம் போய்த் திறந்துவிட்டு, காபி குடித்துவிட்டு வருவோம். பழவேற்காட்டிலிருந்து "தண்ணி சுடல" என்று போன் வந்தபோதும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு அனுப்பம்பட்டு வீட்டிலிருந்து கிளம்பினேன்.

டச்சுக் கல்லறையைத் தாண்டி ஏரியோரமாக ஒரு குப்பம். அங்கே பெண்கள் குளிப்பதற்கென்று ஒரு ரூம் கட்டியிருந்தார்கள். விடிவதற்கு முன்பே ஏரியில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிற பெண்கள். பிடித்ததைப் போட பனையோலைப் பறி ஒன்றை வாயில் கவ்விக்கொள்வார்கள். மார்கழிக் குளிரில் பாதி நாள் தண்ணீரில் கிடந்துவிட்டு நடுங்கிக்கொண்டு கரையேறுவார்கள். அவர்களுக்காக எங்கள் கம்பெனி மொட்டைமாடியில் ஹீட்டர் போட்டுக் கொடுத்திருந்தது. காற்றடித்தால் அங்கே கரண்ட் இருக்காது. அதனால் கீசர் வேண்டாம், சோலார்தான் என்று முடிவாகியிருந்தது.

மேலே ஏறிப் பார்த்தேன். எனக்குக் கோபம் வந்தது. ஸ்டாண்டின் மேல் இருக்கவேண்டிய டேங்க் தளத்தில் உட்கார்ந்திருந்தது. நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, நான்கு மூலையிலும் முடிச்சு. படகைக்கூட அவ்வளவு அக்கறையாகக் கட்டியிருக்க மாட்டார்கள். பைப்பை வெட்டி வேறு மாதிரி ஒட்டியிருந்தார்கள்.

"யாரும்மா இத எறக்குனது?" என்றேன்.

இறால் பிடிக்கும் பெண்களுக்குத் தலைவி மாதிரி இருந்த கன்னியம்மா சொன்னாள்: "நாங்கதான்ணா. போன புயல்ல மேல இருந்த தகரமெல்லாம் பறந்து போயி ஒருத்தன் மண்டைய பொளந்துச்சு. அவ்ளோ ஒசரத்துல ட்ரம்ம வெச்சா வுடுமா காத்து? அதான் எறக்கி கட்டிட்டோம். இன்னா, தப்பா?"

தப்புத்தான். ஆனால் அந்தக் காற்றைப் பார்த்தவர்கள் செய்யும் தப்பு. எனக்கு வந்த கோபம் பாதியிலேயே போய்விட்டது.

2. சுடுதண்ணீர் மேலே போகும்

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைப் புரிந்துகொண்டால் போதும். இந்த வகை ஹீட்டரில் மோட்டார் கிடையாது. பேனலில் வெயில் பட்டுத் தண்ணீர் சூடாகிறது. சூடான தண்ணீர் லேசாகித் தானே மேலே ஏறி டேங்க்குக்குப் போகும். டேங்க்கின் அடியில் இருக்கும் பச்சைத்தண்ணீர் கனமாக இருப்பதால் கீழே இறங்கி பேனலுக்கு வரும். வெயில் இருக்கும்வரை இந்தச் சுற்று நடந்துகொண்டே இருக்கும். அதற்கு டேங்க்கின் அடிப்பாகம் பேனலின் தலையைவிட உயரத்தில் இருக்க வேண்டும். டேங்க்கைக் கீழே வைத்தால் சூடு பேனலிலேயே தங்கிவிடும். தொட்டுப் பார்த்தேன். பேனலின் மேல் பைப்பில் கை வைக்க முடியவில்லை. டேங்க் பைப் சில்லென்று இருந்தது.

"இத மறுபடி ஸ்டாண்டு மேல ஏத்தணும்மா."

"ஏத்துனா நாங்க ரூமுக்குள்ள வரமாட்டோம்ணா. மேல இருந்து வுழுந்தா யாரு சாவறது?" என்றாள் கன்னியம்மா.

அப்போது ஊர்த் தலைவர் தேசப்பன் வந்தார். ஏரி மீன் வியாபாரிகளுக்கு ஐஸ் பெட்டி வைக்கக் கரையோரமாக இடம் வேண்டியிருந்தது. அவர் பார்வை இந்த ரூம் மேல் இருந்தது. சுற்றி வளைக்காமல் சொன்னார்: "இன்னா நைனா, சுடுமா சுடாதா? பொங்கலுக்குள்ள சுடலைன்னா ரூம ஐஸுக்கு வுட்டுடுவேன். கெடச்ச எடத்த சும்மா போட்டு வெக்க முடியாது."

கன்னியம்மா அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பிறகு காபி குடித்துவிட்டு வர முடியவில்லை.

3. பேனல் இறங்கியது

டேங்க்கை ஏற்ற விடமாட்டார்கள். ஏற்றாவிட்டால் சுடாது. கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். தெற்குப் பக்கம் மணல் வெளி. காலையிலிருந்து சாயங்காலம்வரை தடையில்லாத வெயில். டேங்க் மேலே போக வேண்டாம், பேனல் கீழே வரட்டும் என்று அப்போதுதான் தோன்றியது. டேங்க் மாடித் தளத்திலேயே கயிற்றோடு இருக்கலாம். பேனல் தரையில் இருந்தால் டேங்க் தானாகவே மேலே ஆகிவிடும்.

மேனேஜருக்கு போன் போட்டேன். "டிராயிங்ல ரூஃப்னுதானேப்பா போட்டிருக்கு?" என்றார்.

"சார், டிராயிங் போட்டவரு இந்தக் காத்தப் பாத்திருக்க மாட்டாரு."

"சரி, பைப்ல இன்சுலேஷன ஒழுங்கா சுத்து" என்றார். நல்ல மனுஷன்.

பேனலை இறக்கித் தெற்கு மணலில் நிறுத்தினேன். அங்கிருந்து மேலே போகும் பைப் வழியில் எங்கேயும் தொய்யாமல் ஏறிக்கொண்டே போக வேண்டும். ஒரு இடத்தில் தொய்ந்தாலும் காற்று அடைத்துச் சுற்று நின்றுவிடும். அதைப் பார்த்துப் பார்த்துப் பொருத்தினேன். மறுவாரமே மறுபடி புகார். தண்ணீர் வெதுவெதுப்போடு நிற்கிறது. போய்ப் பார்த்தால், கண்ணாடி நன்றாகச் சுடுகிறதே என்று யாரோ பேனல் முழுக்கக் கருவாடு காயப்போட்டிருந்தார்கள்! சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா தெரியவில்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டு, சுற்றி முள்வேலி கட்டச் சொன்னேன். கன்னியம்மாவும் மற்ற பெண்களும் அன்றைக்கே கட்டிவிட்டார்கள்.

4. பரீட்சை

பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள் தேசப்பன் நேரில் வந்து நின்றார். முந்தைய நாள் நல்ல வெயில். டேங்க் நிறைய வெந்நீர் இருந்தது. குழாயைத் திறந்து பக்கெட்டைப் பிடித்தேன். வழக்கம்போலப் பச்சைத்தண்ணீர்க் குழாயையும் திறக்கப் போனபோது அவர் தடுத்தார்.

"கலக்காத. கலந்தா எனக்கு இன்னா தெரியும்?"

அந்த நேரம் பார்த்து கன்னியம்மா ஏரியிலிருந்து நேராக வந்தாள். கழுத்தில் பறி தொங்கியது. புடவையிலிருந்து தண்ணீர் சொட்டியது. உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"நீயே பாத்து சொல்லும்மா" என்றார் தேசப்பன்.

அவள் கையை மணிக்கட்டுவரை பக்கெட்டில் விட்டாள். கொஞ்சம் அளைந்தாள். முகம் வாடிவிட்டது.

"சுடலையே தலைவரே" என்றாள். ரூம் போய்விட்டது என்றே நினைத்துவிட்டாள் பாவம்.

"அப்புறம் இன்னா?" என்று என்னை ஒரு முறை முறைத்துவிட்டு தேசப்பன் தானும் கையை விட்டார்.

"அய்யய்யோ!" என்று அலறிக் கையை இழுத்துக்கொண்டார். விரல்கள் சிவந்துவிட்டன. உதறிக்கொண்டே திரும்பிப் பார்த்தார். கன்னியம்மாவின் கை இன்னும் பக்கெட்டுக்குள்ளேயே இருந்தது.

"கைய எடும்மா! எடு கைய!" என்று கத்தி, அவரே அவள் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்தார். அவள் கை அவருடையதைவிடச் சிவந்திருந்தது. அவளுக்கு எதற்கு இந்தக் கூச்சல் என்றே புரியவில்லை. நான் பச்சைத்தண்ணீர்க் குழாயைத் திறந்து அவள் கையை அதன் கீழே நீட்டச் செய்தேன்.

"எப்பலேர்ந்து இப்டி?" என்று தேசப்பன் கேட்டார்.

"யாருக்குத் தெரியும் தலைவரே. எங்க எல்லாருக்கும் இப்டித்தான். சேத்துல தடவறப்ப மட்டும் இறால் தெரியும். கரைக்கு வந்தா கை மரத்துப்போயி சூடு கூட தெரியாது."

அவர் தன் சிவந்த விரல்களைப் பார்த்தார். வெளியே போய் நின்றுகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே தலையை நீட்டி, "இன்னொரு டேங்க் போட முடியுமா நைனா? எல்லாரும் குளிக்க இது பத்தாது" என்றார். ஐஸைப் பற்றிப் பிறகு யாரும் பேசவில்லை.

அன்றைக்கே ரூமின் பைப் லைனை மாற்றினேன். வெந்நீர் மட்டும் தனியாக வருகிற குழாய் ஒன்றுகூட வைக்கவில்லை. பச்சைத்தண்ணீரோடு கலந்துதான் வெளியே வரும். அதற்குப் பிறகு எந்த வீட்டில் ஹீட்டர் மாட்டினாலும், "தண்ணி சுடுதா பாருங்க" என்று சொல்லி யாரையும் கையை விடச் சொன்னதில்லை. முதலில் என் முழங்கையை விட்டுப் பார்ப்பேன். எந்தக் கைக்கு எது தெரியும், எது தெரியாது என்று நமக்கு எப்படித் தெரியும்?