மரவள்ளிக் கூழால் அடைத்த படகு

இன்னைக்கு ஜப்பான்காரன் என் படகையும் பிடுங்கிட்டான்.

பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டை எடுத்துக்கிட்டதும் அவனுங்கதான். அதனாலதான் கிள்ளான் ஆத்துச் சேத்துல கிடந்த இந்தப் பழைய கூரைப் படகை வாங்கினேன், குடியிருக்க. படகுன்னு எனக்கு இதான் முதல்.

சந்துகளை அடைக்க குங்கிலியம் எங்கேயும் கிடைக்கல. மரவள்ளி மாவைக் கூழாக் காய்ச்சி அடைச்சேன். மேல சாயம் பூசினதும் புதுசு மாதிரி ஆயிடுச்சு. அதுதான் வினை.

காலையில சிப்பாய்ங்க வந்து ஏறினானுங்க. "துவான், இது தண்ணி தாங்காது"ன்னு மலாய்ல சொன்னேன். ஒருத்தன் அறைஞ்சான். மறுபடியும் சொன்னேன். துப்பாக்கிக் கட்டையால வாயிலேயே இடிச்சான். பல்லு ரத்தத்தோட கையில விழுந்துச்சு.

என் சம்சாரம் சட்டையைப் பிடிச்சு இழுத்தா. "சொன்னது போதும்ங்க. குனிஞ்சு கும்பிடுங்க."

குனிஞ்சேன். படகு நடு ஆத்துக்குப் போற வரைக்கும் நிமிரவே இல்ல.

பூட்ஸும் துப்பாக்கியுமா ஏறினவனுங்கள்ல ஒருத்தன்தான் கரைக்கு வந்தான். மத்த சிப்பாய்ங்க எங்களைத் தேடுறானுங்க. ரப்பர் காட்டுல ஒளிஞ்சிருக்கோம்.

தண்ணி வத்துனா முழுகின படகோட கூரை தெரியும். யாருக்காவது குங்கிலியம் கிடைச்சா சொல்லி அனுப்புங்கலா. இந்தத் தடவை ஒழுங்கா அடைச்சிடறேன்.