தாரணியின் அரைஞாண் கயிறு

பூண்டி தேவசேனா என்னை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவாள். நான் கொடைக்கானலில் பிறந்தவள், பெயர் ஜென்சி, ஊசி போடும் டாக்டர் இல்லை, மதுரையில் ஓர் ஆய்வகத்தில் செல்களைப் பார்த்துக்கொண்டிருப்பவள் என்று பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். "சரிங்க டாக்டரம்மா" என்பாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஆய்வகத்தில் பெயர். அவளிடம் மட்டும் அது செல்லுபடியாகாது.

அவள் பிறந்தது மன்னவனூர். பத்தொன்பது வயதில் அம்மாவின் தம்பி பொன்னுச்சாமியைக் கட்டிக்கொண்டு பூண்டிக்கு வந்தாள். கணவனை இன்றும் மாமா என்றே கூப்பிடுகிறாள். பூண்டும் கேரட்டும் போடுகிற தோட்டம், அதன் ஓரத்தில் ஓட்டு வீடு, வீட்டுக்குப் பின்னால் பூண்டுக்குப் புகை போடும் கொட்டகை. முதல் பிள்ளை ஜெயமுருகன். ஆறாம் மாதம் அவன் இடுப்பில் அரைஞாண் கயிறு இறுகியது. அவிழ்த்துத் தளர்த்திக் கட்டினாள். அடுத்த மாதம் மறுபடி இறுகியது. பிள்ளை நல்லாத் தேறுகிறான் என்று ஊரே சொன்னது. கண் பட்டுவிடப் போகிறது என்று அவள் மிளகாய் சுற்றிப் போட்டாள். கையும் காலும் குச்சி குச்சியாக இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. வயிற்றுக்குள் வீங்கிக்கொண்டிருந்தது மண்ணீரல்.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் கழிவைக் கரைக்கிற நுண்ணிய பைகள் இருக்கின்றன. லைசோசோம் என்று பெயர். அந்தப் பையில் ஒரே ஒரு நொதி இல்லாவிட்டாலும், கரைய வேண்டியது கரையாமல் தேங்கும். தேங்கத் தேங்க மண்ணீரலும் கல்லீரலும் பருக்கும். ஜெயமுருகனின் எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த செல்களை நுண்ணோக்கியில் பார்த்தவள் நான்தான். ஒவ்வொன்றும் கசக்கிய காகிதம் போல இருந்தது. என்ன நோய் என்று நாங்கள் கண்டுபிடித்துச் சொன்ன ஐந்தாம் வாரம் அவன் போய்விட்டான். இரண்டு வயது முடியவில்லை.

அம்மாவிடமும் அப்பாவிடமும் அதே மரபணுவில் ஒவ்வொரு பழுது இருக்கிறது, பிறக்கும் குழந்தைக்கு நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு என்று இருவரையும் உட்காரவைத்து விளக்கினேன். பொன்னுச்சாமி விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்.

"அந்த ஒண்ணுதான் போயிருச்சுல்லங்க. இனி மூணும் நல்லாத்தான பொறக்கணும்?"

ஒவ்வொரு தடவையும் அதே நாலில் ஒன்றுதான் என்றேன். தலையாட்டினார். அடுத்த கர்ப்பத்திலேயே சோதித்துவிடலாம், வாருங்கள் என்றும் சொன்னேன். வரவில்லை. இரண்டாவதாகத் தாரணி பிறந்த பிறகு கூப்பிட்டேன், அப்போதும் வரவில்லை. தெரிந்துகொள்ளவே தேவசேனாவுக்குப் பயம். அதற்குப் பதிலாகத் தினமும் வெள்ளனே எழுந்ததும் குழந்தையின் அரைஞாண் கயிற்றுக்குள் ஆள்காட்டி விரலை விட்டுப் பார்ப்பாள். விரல் போனால் அன்றைய பொழுது அவளுக்கு உண்டு.

ஏழாம் மாதம் ஒரு காலையில் போன் வந்தது.

"டாக்டரம்மா, இன்னைக்கு விரலு போகலைங்க."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "என்ன டெஸ்டோ, வெரசா எடுத்துருங்க" என்றாள்.

குழந்தையின் குதிகாலில் குத்தி ஒரு தடித்த அட்டையில் சில சொட்டு ரத்தம் வாங்கி, உலர்த்தி, தபாலில் அனுப்பினால் போதும். அட்டையையும் குறிப்பையும் அந்தப் பகுதி நர்ஸுக்கு அனுப்பினேன். குறிப்பில் நான் எழுதியது: 'நன்றாக உலர்த்தி அனுப்பவும்.' இந்த மூன்று சொற்களுக்காக என்னை நானே எத்தனை தடவை திட்டிக்கொண்டிருப்பேன் என்று கணக்கில்லை.

அட்டை வந்த அன்று உறையைப் பிரித்ததும் மேசையெல்லாம் பூண்டு வாசனை. பூண்டியிலிருந்து வேறு என்ன வரும் என்று பக்கத்து மேசைக்காரர் கேலி செய்தார், நானும் சிரித்தேன். மலையில் பிறந்தவளுக்கு அந்த வாசனையே புத்தி சொல்லியிருக்க வேண்டும். சோதித்தேன். நொதி கிட்டத்தட்ட இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க, எல்லோருக்கும் இருக்கும் வேறொரு நொதியையும் சோதிப்பது முறை. அதற்கான வேதிப்பொருள் மறுநாள்தான் வரும். அதுவரை நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது.

மதியம் தேவசேனா கூப்பிட்டாள். "பாத்துட்டீங்களா?"

இன்னும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். பொய் வரவில்லை. "கம்மியாத்தான் இருக்கு தேவசேனா. நாளைக்கு இன்னொண்ணு பாக்கணும்."

"அண்ணன மாதிரியேவா?"

"நாளைக்குப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

"இன்னொரு தடவ என்னால ஏலாதுங்க" என்றாள். லைன் போய்விட்டது.

மறுநாள் இரண்டாவது நொதியும் இல்லை என்று வந்தது. அப்படி இருக்கவே முடியாது. இரண்டும் இல்லாமல் போனதென்றால் கோளாறு குழந்தையிடம் இல்லை, அட்டையில். சந்தோஷப்பட வேண்டிய நான் பதறிப்போய்ப் போனை எடுத்தேன். அவளுடையது அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பொன்னுச்சாமியுடையது எடுக்கவில்லை. ஏலாது என்று அவள் சொன்ன குரல் காதிலேயே நின்றது. ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலைக்கு பஸ் ஏறினேன். ஒவ்வொரு வளைவிலும் போன் போட்டேன். ஒரு தாயையும் பிள்ளையையும் அவசரப்பட்ட வாயால் கொன்றுவிட்டேனோ என்ற பயத்தில் எனக்குத் தெரிந்த ஜெபமெல்லாம் சொன்னேன். அரைகுறை ஜெபம்தான். ஆராய்ச்சிக்கு வந்தபின் கோயில் பக்கம் போனதில்லை.

பூண்டியில் இறங்கும்போது மூடுபனி எதிரே வரும் ஆளை மறைத்தது. வீடு பூட்டிக் கிடந்தது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். அப்போது கொட்டகைப் பக்கம் குழந்தை சிணுங்கும் சத்தம். ஓடினேன்.

உள்ளே தேவசேனா, இடுப்பில் தாரணியை வைத்துக்கொண்டு, புகை மூட்ட நெருப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். மேலே கட்டுக் கட்டாகப் பூண்டு தொங்கியது. அவள் கண் வீங்கியிருந்தது. நான் இருந்த நிலையில் அவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. வாயில் வந்ததோ வசவு.

"போன ஏன் ஆஃப் பண்ணுன? அறிவிருக்கா உனக்கு?"

"கேட்டதே போதும்னு கெடக்கேன். புகை போடுற சோலி நிக்குமா? நாங்க எங்க போகப் போறோம்?" என்றாள்.

அட்டையை எங்கே காயவைத்தாய் என்று கேட்டேன். பூண்டு தொங்கும் கயிற்றைக் காட்டினாள்.

"மூணு நாளா வெயிலே இல்லைங்க. நர்ஸக்கா பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு போயிட்டாங்க. நல்லாக் காயணும்னு எழுதியிருந்தீங்கள்ல? நாங்க எதையும் இங்கதான் காய வப்போம். ரெண்டு நாள் மூட்டத்துலயே தொங்கவிட்டேன். முறுமுறுன்னு காஞ்சிருந்துச்சு."

நொதி சூடு தாங்காது. அதை எழுத மறந்தவள் நான். தப்பு என்னுடையது என்று அவளிடமே சொன்னேன். நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை, நமக்கு இன்னும் ஒன்றுமே தெரியாது என்றேன். அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். முந்தின நாள் அவளுக்கு இருந்தது துக்கம். பயத்தை மறுபடி கொண்டுவந்து கொடுத்தவள் நான்தான்.

நர்ஸை வரவழைத்துக் குழாயில் ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியோடு மதுரை திரும்பினேன். இம்முறை இரண்டு நொதியையும் சேர்த்தே பார்த்தேன். மூன்று தடவை பார்த்தேன். இரண்டாவது நொதி முழுதாக இருந்தது. எது இல்லாமல் ஜெயமுருகன் போனானோ அந்த நொதி பாதி அளவு இருந்தது, அவள் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இருப்பது போல. அது போதும். தாரணிக்கு நோய் இல்லை.

போனில் சொல்லவில்லை. மறுபடி பஸ் ஏறினேன்.

சொன்னதும் பொன்னுச்சாமி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டார். தேவசேனா அசையவில்லை. "நெசமாங்க? அன்னைக்கும் நீங்கதான் சொன்னீங்க" என்றாள். எனக்கு அது வேண்டும்தான். நெசம் என்றேன். ஐஸில் கொண்டுபோனதைச் சொன்னேன், மூன்று தடவை பார்த்ததைச் சொன்னேன்.

"பெறகு ஏன் கயிறு இறுகுது?"

"வளர்றா தேவசேனா. நல்லாச் சாப்பிடுற புள்ள வளராதா?"

குழந்தையின் சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். கறுப்புக் கயிறு சதைக்குள் பதிந்து, சுற்றிலும் சிவந்த தடம். மூன்று வாரமாக அவள் அதைத் தளர்த்தவே இல்லை. தளர்த்தினால் மூத்தவனுக்கு நடந்தது மறுபடி ஆரம்பித்துவிடும் என்று பயம்.

"நீங்களே அவுத்து விடுங்க. எனக்குக் கை வரல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முடிச்சு இறுகிக் கிடந்தது. நகத்தால் நெம்பினேன். ஒருவழியாக அவிழ்த்தேன். தாரணி வயிற்றைச் சொறிந்துகொண்டு சிரித்தாள். தேவசேனா திரும்பிப் பார்த்தாள், வெகு நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து போய்ப் பெட்டியிலிருந்து புதுக் கயிறு எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள்.

"வளர்றதுக்கு எடம் விட்டுக் கட்டுங்க" என்றாள்.