கொர்னேலி துரையின் பீரும் எங்கள் நாக்கும்

கொர்னேலி துரை இறந்த செய்தியைக் கன்னியம்மாதான் கொண்டுவந்தாள். இறால் பிடித்துவிட்டு வந்த ஈரப்புடவையோடு, இடுப்புக் கூடையைக்கூட இறக்காமல் காலையில் என் வாசலில் வந்து நின்றாள். "நீ கூப்டு அனுப்சியாமே நைனா. வர்ற வழியில கொட்டாய்க்குப் போய்ப் பாத்தேன். பீர் துரை பூட்டாரு," என்றாள். கூடையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, "இன்னாத்துக்குக் கூப்ட?" என்று கேட்டாள். எனக்கு அழுகை வரவில்லை. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தைத்தான் அவரை அறிந்த உங்கள் முன்னால் எழுதி வைக்கிறேன். கோட்டைக்குப்பத்தில் அவர் கையால் கோப்பை வாங்கியவர்கள் எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு. யாரும் ஒதுங்கிக்கொள்ள வேண்டாம்.

அவரைத் தெரியாமல் இதைப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். பழவேற்காட்டுக் கோட்டைக்கு வெளியே, ஏரியைப் பார்த்த ஓலைக் கொட்டகையில் ஒல்லாந்துச் சிப்பாய்களுக்குப் பீர் காய்ச்சுவது அவர் வேலை. நான் கோட்டையில் துபாஷி. அவர்கள் பேச்சைத் தமிழிலும், நம் பேச்சை அவர்கள் மொழியிலும் சொல்லிப் பிழைக்கிறவன். கொர்னேலி துரைக்கு நான் தேவைப்பட்டதே இல்லை. வலை உலர்த்தும் இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்தே தமிழ் கற்றுக்கொண்டவர் அவர். ஆகவே கெட்ட வார்த்தைகள் முதலில் வந்தன, மரியாதைச் சொற்கள் பிறகு வந்தன.

சிப்பாய்களுக்கான பீர் வெளுத்தது, சீக்கிரம் புளிப்பது. அதை அவர் பொருட்டாகவே நினைக்கவில்லை. "அவனுங்களுக்குக் காடியக் குடுத்தாலும் குடிச்சுட்டுப் பாடுவானுங்க," என்பார். அவருடைய மனமெல்லாம் வருஷத்துக்கு ஒருமுறை தனக்கென்று காய்ச்சும் கரும்பீரில் இருந்தது. ஆனி, ஆடியில் நாவல் பழம் கொட்டும்போது அந்த வேலை தொடங்கும். கப்பலில் வந்த வாற்கோதுமையை, காபிக்கொட்டை நிறம் வரும்வரை வறுப்பார். கொதிக்க வைத்து வடித்து, பனைவெல்லம் தாராளமாகப் போடுவார். இந்த வெயிலில் கெடாமல் இருக்க வேண்டுமென்றால் போதை ஏறத்தான் வேண்டும் என்பது அவர் கணக்கு. நாவல் பழத்தைக் கையாலேயே பிசைந்து பீப்பாயில் கொட்டுவார். ஆவணி வரைக்கும் அவர் விரல்கள் ஊதா நிறத்தில் இருக்கும். பீப்பாயை ஈர மணலில் கழுத்து வரை புதைத்து, பொங்கல் கழிந்துதான் திறப்பார்.

திறந்ததும் படகில் ஏற்றிக் கோட்டைக்குப்பத்துக்குக் கொண்டுவருவார். முதல் வருஷம் நான் அங்கே இருந்தேன். மரக்கோப்பையில் ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு முகமாகப் பார்த்தபடி நின்றார். கன்னியம்மா ஒரு மடக்கு குடித்தாள். மீன் சந்தையில் அவள் வாய்க்குப் பயந்து ஆரம்பாக்கத்து வியாபாரிகள் வேறு வழியாகப் போவார்கள். அப்பேர்ப்பட்டவள் தொண்டையை ஒருமுறை அசைத்து, "நல்லாக்குது துரை," என்றாள். எல்லோரும் சொன்னோம். அது கசந்தது, புளித்தது, அடியில் ஈரச் சாக்கு வாடை அடித்தது. அவர் படகு திரும்பியதும் மிச்சத்தை வாத்துகளுக்கு ஊற்றினார்கள். வாத்துகள் மூக்கை விட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்துபோயின. அன்றைக்கு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். விற்க வந்த பொருளை எப்படி வேண்டுமானாலும் தூற்றலாம். கையில் கொடுத்ததைக் குறை சொல்லக் கூடாது. அதை நான் இன்றும் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் கள்ளை நுனிநாக்கில் வைத்தவுடன் நேற்றையதா இன்றையதா என்று சொல்லுகிற ஊர் இது. அந்த நாக்கை நம்பித்தான் அந்த மனிதர் இத்தனை பேரைத் தாண்டி நம்மிடம் வந்தார். ஒவ்வொரு தையிலும் வந்தார். நாமும் ஒவ்வொரு தையிலும் நல்லாக்குது என்றோம்.

ஒரு வருஷம் பீப்பாய் வந்தது. குடித்தோம். உப்புக் கரித்தது. வழக்கத்தைவிட மோசம். "நல்லாக்குது துரை, போன வருசத்துக்கு இது மேல்," என்று யாரோ சொன்னார்கள். அந்த யாரோ நான்தான். துரை தலையை ஆட்டிக்கொண்டே எல்லோருடைய பதிலையும் கேட்டு முடித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "இது பீரே இல்ல. ஏரித் தண்ணி. கருகின வெல்லமும் காடியும் போட்டேன்." அப்போதுதான் எல்லோரும் கோப்பைக்குள் குனிந்து பார்த்தோம். "இம்மாம் வருசமா நீங்க கோப்பையப் பாக்கல. என் மூஞ்சியப் பாத்துனு இருந்தீங்க." அவர் கத்தியிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். கோப்பைகளை ஒவ்வொன்றாக எங்கள் கையிலிருந்து வாங்கி, ஏரியில் அலசி, படகில் அடுக்கிக்கொண்டு போனார்.

மறுநாள் மன்னிப்புக் கேட்கலாம் என்று கொட்டகைக்குப் போனேன். அவர் பீப்பாய்க்குள் தலையை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். தலையை வெளியே எடுக்காமலே சொன்னார். இங்கே வந்த புதிதில் கண்ட காய்ச்சலில் அவருக்கு மூக்கும் நாக்கும் செத்துவிட்டன. மீனும் சோறும் பீரும் எல்லாம் நனைந்த துணியைச் சவைப்பது போலத்தான் இருக்கும். கோட்டையில் தெரிந்தால் வேலை போய்விடும் என்று யாரிடமும் சொல்லவில்லை. "என் அப்பா காச்சுன பீர் எப்டி இருந்துச்சுனு ஞாபகம் இருக்கு. கை அத்த நோக்கித்தான் போவுது. சேந்துச்சா இல்லையானு எனக்குத் தெரியாது. அத்த நீங்கதான் சொல்லணும்," என்றார். பிறகு தலையை வெளியே எடுத்து, "உன்ன மாதிரி ரெண்டு பாஷை பேசறவன் ஒரு பாஷையிலயாவது நெசம் பேசக் கூடாதா?" என்று கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். எனக்கு இன்றும் அது வலிக்கிறது.

அதன் பிறகு அவர் குப்பத்துக்குப் பீப்பாய் கொண்டுவரவில்லை. காய்ச்சுவதை மட்டும் விடவில்லை. பீப்பாய்களை வெந்நீரில் ஊறவைத்துக் கழுவத் தொடங்கினார். பழத்தை முதலிலேயே போடாமல் நுரை அடங்கிய பிறகு போட்டார். தைக்குத் தை எனக்கு மட்டும் ஒரு கோப்பை தருவார். நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லலாம் என்றுதான் ஒவ்வொரு முறையும் போவேன். அந்த ஊதா விரல்கள் கோப்பையை நீட்டும்போது, வயதான மனிதரை இன்னொரு தடவை நோகடிப்பதா என்று தோன்றிவிடும். "நெசமா நல்லாக்குது," என்பேன். அவர் சரி என்பார். அதை இரக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது என் சோம்பல்.

இந்தத் தையில் அவர் படுத்துவிட்டார். ஆள் அனுப்பி என்னை வரவழைத்தார். வெயில் சாயும் நேரம். கட்டிலுக்குப் பக்கத்தில் பீப்பாய் திறந்திருந்தது. வழக்கம்போல ஒரு மடக்குக் குடித்தேன். எதிர்பார்த்த கசப்பு வந்தது, ஆனால் நிற்கவில்லை. அதற்குப் பின்னாலேயே வறுத்த தானியத்தின் வாசனை, அதற்கும் பின்னால் நாவல் பழம், விதையை ஒட்டிய சதையைச் சூப்பும்போது வருமே அந்தத் துவர்ப்போடு. தொண்டையில் இறங்கி நெஞ்சில் கதகதவென்று பரவியது. கோப்பையைக் காலி செய்தது அதுதான் முதல் தடவை.

"துரை, நல்லாக்குது," என்றேன்.

அவர் சிரித்தார். "எப்பவும் நல்லாத்தான இருக்கும்."

"இல்ல துரை. இது நெசமா நல்லாக்குது."

"நெசமானு போன வருசமும் சொன்னியே," என்றார். கோபம் இல்லை. என் கையைத் தட்டிக் கொடுத்தார். என்னைச் சமாதானப்படுத்தினார். "பரவால்ல உடு. நீ நல்லவன்."

சத்தியம் செய்தேன். தலையில் அடித்துக்கொண்டேன். இன்னொரு கோப்பை ஊற்றிக் குடித்துக் காட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. இத்தனை வருஷமாகப் பொய்க்குச் செலவழித்த அதே சொல்தான் என்னிடம் இருந்தது, வேறு சொல் இல்லை. அப்போதுதான் கன்னியம்மா ஞாபகம் வந்தது. அவள் வந்து பழைய பீர்களையெல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டினால், இதை அவள் புகழும்போது அவர் நம்புவார். கரையோரமாகக் குப்பத்துக்கு ஓடினேன். அவள் முகத்துவாரத்துப் பக்கம் இறாலுக்குப் போயிருந்தாள். வந்ததும் துரை கொட்டகைக்கு அனுப்புங்கள் என்று அவள் வீட்டில் சொல்லிவிட்டுத் திரும்பினேன். காலையில் அவள் போனாள். அதற்குள் அவர் போய்விட்டார்.

அடக்கம் முடிந்து ஒல்லாந்தர்கள் கலைந்த பிறகு, அந்தப் பீப்பாயை இடுகாட்டு வாசலுக்குத் தூக்கிக்கொண்டு வந்தோம். குப்பத்தார் எல்லோரும் ஆளுக்கொரு மடக்குக் குடித்தார்கள். யாரும் நல்லாக்குது என்று சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது. கன்னியம்மா கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, மண்மேட்டின் முன்னால் போய் நின்றாள். சந்தைக் குரலில் ஆரம்பித்தாள். "இன்னா துரை, மொத வருசம் குடுத்தியே, அது பீரா? சாக்கு அலசுன தண்ணி. வாத்துகூடத் தொடல. அடுத்த வருசம் குடிச்சுட்டு ரெண்டு நாளு என் கொடலு புரண்டுச்சு. அதுக்கடுத்தது வலைக்குப் போடற சாயம், வாயில வைக்கற சாமானா அது?" குப்பத்துக்குப் பீப்பாய் வந்த ஒவ்வொரு வருஷமாக, ஒன்று விடாமல் திட்டிக்கொண்டே வந்தாள். இந்த வருஷத்துக்கு வந்ததும் குரல் நின்றுவிட்டது. குனிந்து, மண்ணைக் கையால் தடவிச் சமன் செய்துவிட்டு வந்துவிட்டாள்.

அவருடைய கோப்பை என்னிடம் இருக்கிறது. உள்பக்கம் ஊதாக் கறை, தேய்த்தாலும் போகவில்லை, தேய்ப்பதையும் விட்டுவிட்டேன். வீட்டுக்கு வருகிறவர்கள் அது என்ன என்று கேட்கிறார்கள். இந்த ஊரில் ஒருவர் நாவல் பழம் போட்டுக் கரும்பீர் காய்ச்சினார், அது நன்றாக இருந்தது என்று சொல்கிறேன். கேட்கிறவர்கள் எல்லோரும் நம்புகிறார்கள். அவர் ஒருவர்தான் நம்பவில்லை.