கராச்சியின் இரைச்சல்

நான் செய்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நம் கிரிக்கெட் அணி பாகிஸ்தானுக்குப் போய் ஆடிக்கொண்டிருந்த சமயம். எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். என் வீட்டுக்காரர் தறியில் சேலை நெய்வார். பக்கத்தில் உட்கார்ந்து, சேலைக் கரைக்கான நூல் சுற்றிய நாடாவைத் தறியில் தள்ளிவிடுவது என் வேலை. கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் என்னிடம் பேசமாட்டார். பேச்செல்லாம் ரேடியோவோடுதான். "அடிப்பா! தூக்கி அடிப்பா!" என்பார். தெருமுனைத் தையல்கார பாயும் தினம் வந்து ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்பார்.

கடைசி ஆட்டம் கராச்சியில். அதன் கடைசி நாள் காலையில், பொறாமை தாங்காமல், பட்டு நூல் நறுக்கும் கத்தரியால் ரேடியோவுக்குள் ஒரு ஒயரை வெட்டிவிட்டேன். இன்றாவது என்னிடம் பேசுவார் என்று நினைத்தேன். அவரோ ரேடியோவைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்கு ஓடிவிட்டார்.

பாய் வந்தார். "இன்னாம்மா, பெட்டி பாடலியா?"

"கெட்டுப்போச்சு பாய். யாரு ஜெயிச்சாங்கன்னு நாளைக்குப் பேப்பர்ல வரும்."

"ஆட்டம் எனக்கு எங்கம்மா புரியுது? என் தங்கச்சி கராச்சிலதான் இருக்குது. லெட்டர் நின்னு வருசமாச்சு. அந்த ஊரு ஜனங்க கத்துற சத்தம் வருதில்ல, அதைத்தான் கேட்டுக்கினு இருந்தேன்."

கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டுப் போனார். ரேடியோ திரும்பி வருவதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது.

எனக்குத்தான் பேச ஆளில்லை என்று நினைத்திருந்தேன். அத்தனை நாள் என் ஜன்னலில் நின்றவரிடம் ஒரு வாய்த் தண்ணீர் வேண்டுமா என்றுகூட நான் கேட்டதில்லை.