மையம் ஒட்டியிருந்த நாட்கள்

முதலில் அவற்றைக் கொசுக்கள் என்றே நினைத்தேன்.

மாலைப் பயிற்சி முடியும் நேரம். வலது ஓரத்திலிருந்து உயரமாக வந்த பந்தைப் பிடிக்க மேலே பார்த்தபோது, வானத்தில் நாலைந்து கருப்புப் புள்ளிகள் மிதந்தன. கையால் விசிறினேன். போகவில்லை. கண்ணைத் திருப்பிய பக்கமெல்லாம் கூடவே வந்தன. ஆனால் பந்து கைக்குள் வந்துவிட்டது. பந்தைப் பிடித்துவிட்டதால் புள்ளிகளைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. தொண்ணூறுகளின் பின்பாதி. பெங்களூரில் ஒரு பெரிய தொழிற்சாலையின் கால்பந்து அணிக்கு நான் கோல்கீப்பர். காலையில் ஆலைக்குப் போய் வருகைப் பதிவில் கையெழுத்து, பிறகு மைதானம். என்னை வேலைக்கு எடுத்ததே அந்தக் கம்பங்களுக்கு நடுவில் நிற்பதற்காகத்தான். எட்டு வருடமாக நின்றுகொண்டிருந்தேன். முந்தைய வாரம் ஒரு ஆட்டத்தில் எதிரணி ஆளின் முழங்கால் என் இடது புருவத்தில் மோதியது. மூன்று தையல். அதையும் நான் ஒரு பொருட்டாக எண்ணவில்லை.

புள்ளிகளுக்குப் பிறகு மின்னல்கள் வந்தன. விளக்கில்லாத அறைக்குள் நுழைந்தால் இடது ஓரத்தில் யாரோ புகைப்படம் எடுப்பதுபோல ஒரு வெளிச்சம். இதைப் படிக்கும் யாருக்காவது இந்த இரண்டும் சேர்ந்து வந்தால், தயவுசெய்து இந்தக் கட்டுரையை அப்படியே வைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

நான் போகவில்லை. என்னை அழைத்துப் போனார்கள்.

அழைத்துப் போனவர் எங்கள் அணி மேலாளர். சேவியர் அண்ணன் என்று சொல்கிறேன். எனக்கு முன்னால் அதே அணியின் கோல்கீப்பர். விவேக் நகரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தவர். பதினாறு வயதில் என்னைப் பார்த்துப் பொறுக்கி எடுத்தவர், வேலைக்குச் சிபாரிசு செய்தவர், என் கல்யாணத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர். நான் பயிற்சியில் அடிக்கடி கண்ணைத் தேய்ப்பதை அவர்தான் கவனித்தார்.

"இன்னாடா, கண்ணுல தூசா?"

"ஒண்ணும் இல்லண்ணா. லேசா மங்கல்."

"வா, காட்டினு வந்துடலாம்."

கம்பெனியோடு ஏற்பாடு இருந்த சின்னக் கண் மருத்துவமனை அது. ஒரு பெண் என்னை நாற்காலியில் உட்காரவைத்து வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு பலகையில் உள்ள எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். நான் விரல்களுக்கு நடுவே மெல்லிய இடைவெளி விட்டேன். கடைசி வரிக்கு முந்தைய வரிவரை படித்தேன். "குட்" என்றார் அவர். ஒரு பெனால்டியைத் தடுத்ததுபோல எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை இத்தனை வருடம் கழித்து எழுதும்போதும் கை கூசுகிறது.

பிறகு கண் பாப்பா விரிவதற்கு மருந்து விட்டார்கள். மருத்துவர் வெளிச்சம் அடித்து வெகுநேரம் பார்த்தார். மேலே பார், கீழே பார், மறுபடி மேலே. கன்னடத்தில் பேசினார். "உன் மேலாளரிடம் எல்லாம் சொல்லி எழுதிக் கொடுக்கிறேன். தாமதம் செய்யாதே," என்றார். அவ்வளவுதான். தாமதம் என்றால் எவ்வளவு, எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம் இருந்திருக்க வேண்டும். மருந்து விட்ட கண்ணோடு இருட்டறையில் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் மருத்துவரும் சேவியர் அண்ணனும் பேசுவது மங்கலாகத் தெரிந்தது.

வெளியே வந்ததும் சேவியர் அண்ணன் என் தோளில் கை போட்டார்.

"உள்ள கொஞ்சம் ரத்தம் கட்டியிருக்குதாம். தானா கரைஞ்சிடும்னாரு. லீக் முடியட்டும், பெரிய டாக்டர்கிட்ட காட்டிக்கலாம்."

லீக்கில் அடுத்த பத்து நாட்களுக்குள் மூன்று ஆட்டங்கள் மீதமிருந்தன. புள்ளிப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தோம். மாற்று கோல்கீப்பர் விரல் உடைந்து கட்டுப் போட்டிருந்தான். இவை எல்லாம் எனக்குத் தெரியும். அவர் சொன்னதை நம்புவது சுலபமாக இருந்தது. அவர் சொன்ன எதையும் அதுவரை நம்பாமல் இருந்ததில்லை.

அந்தப் பத்து நாட்களில் இடது கண்ணின் கீழ்ப்பக்கத்திலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு திரை மேலே ஏறியது. இரண்டு கண்ணையும் திறந்திருந்தால் அது தெரியவே தெரியாது. ஒரு கண் விட்டதை இன்னொரு கண் நிரப்பிவிடுகிறது. இதுதான் இந்த நோயின் குரூரம். உடம்பு தன் குறையைத் தனக்கே சொல்வதில்லை. முதல் ஆட்டத்தில் கோலே விடவில்லை. இரண்டாவதில் ஒன்று, அதுவும் தடுப்பாட்டக்காரன் காலில் பட்டுத் திரும்பிய பந்து. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் உடைமாற்றும் அறையில் சேவியர் அண்ணன் என் எதிரில் வந்து நின்று கேட்பார்.

"தெரியுதாடா?"

"சூப்பரா தெரியுதுண்ணா."

அவரிடம் கற்றதுதான் அது. கோல்கீப்பர் முகத்தில் சந்தேகம் தெரிந்தால் முன்னால் நிற்கும் பத்துப் பேரும் ஒரு அடி பின்வாங்குவார்கள் என்பார். அதனால் எனக்குள்ளும் சந்தேகத்துக்கு இடம் வைக்காமல் பழகியிருந்தேன். பாய்வதற்கு முன்னால் பந்து என் கைக்குத்தான் வரும் என்று நம்ப வேண்டும். அந்த நம்பிக்கை பாய்வதற்கு உதவியது. கண்ணின் உள்ளே என்ன நடக்கிறது என்பதற்கும் அதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது. இரண்டையும் நான் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டேன்.

கடைசி ஆட்டத்தில், நடுக்கோட்டுக்குச் சற்று முன்னாலிருந்து ஒருவன் உதைத்த பந்து தரையோடு உருண்டு வந்தது. வேகமே இல்லை. குனிந்து இரண்டு கையையும் வைத்தேன். பந்து அங்கே இல்லை. கைக்குப் பக்கத்தில் ஒரு சாண் தள்ளி, அவசரமில்லாமல், வலைக்குள் போனது. மைதானமே சிரித்தது. ஒன்றுக்குப் பூஜ்யம். லீக் போயிற்று.

மறுநாள் காலை எழுந்து வலது கண்ணை முழுக் கையால் மூடிப் பார்த்தேன். காபியோடு எதிரில் நின்ற என் மனைவி ஸ்டெல்லாவின் புடவை ஓரம் தெரிந்தது, வளையல் தெரிந்தது. முகம் இல்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் அழுக்குத் தண்ணீர்போல ஏதோ அசைந்தது.

"என்னங்க, ஏன் அப்படிப் பாக்குறீங்க?"

"உன் முகம் தெரியல."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். தெருமுனையில் ஆட்டோ பிடித்து, யாரோ சொல்லக் கேட்டிருந்த பெரிய கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள்.

அங்கே பார்த்தவர் ஒரு பெண் மருத்துவர், தமிழ் பேசினார். ரெட்டினா டிடாச்மென்ட் (கண்ணின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் விழித்திரை கிழிந்து, சுவரை விட்டுப் பிரிந்து வருவது) என்றார். மேக்குலா (முகம் பார்க்க, எழுத்துப் படிக்க உதவும் விழித்திரையின் நடுப்பகுதி) சேர்ந்து கழன்றுவிட்டது என்றார்.

"எப்ப ஆரம்பிச்சுது?"

"நேத்துதான் டாக்டர்."

"இது நேத்து ஆரம்பிச்சது இல்ல. நடுப்பகுதி ரெண்டு மூணு நாள்லதான் போயிருக்கு. மத்தது அதுக்கு முன்னாடியே பிரிஞ்சிருக்கு. வேற எங்கயாவது காட்டினீங்களா?"

சொன்னேன். பழைய குறிப்பு வேண்டும் என்றார். அன்றே அறுவை சிகிச்சைக்கு எழுதினார். கண்ணுக்குள் இருக்கும் கூழை எடுத்துவிட்டு வாயுவை நிரப்பி, அந்த வாயுக் குமிழி விழித்திரையைச் சுவரோடு அழுத்திப் பிடிக்கும்படி செய்வார்கள். குமிழி மேல்நோக்கி எழும் என்பதால், நோயாளி பத்து நாள் முகத்தைக் கீழே கவிழ்த்தபடியே இருக்க வேண்டும். சாப்பிடும்போதும், தூங்கும்போதும்.

அறுவை சிகிச்சையை விட இந்தப் பத்து நாள்தான் கடினம் என்று இதைச் செய்துகொள்ளப் போகிறவர்களிடம் சொல்ல விரும்புகிறேன். கழுத்துதான் முதலில் கெஞ்சும். கட்டிலின் விளிம்பில் நெற்றியை வைத்து, கீழே முக்காலியில் தட்டை வைத்துச் சாப்பிடப் பழகுங்கள். தலை கொஞ்சம் நிமிர்ந்தால் போதும், கன்னட நர்ஸ் எங்கிருந்தோ "தலெ கெளகே, தலெ கெளகே" என்று தலையைத் தாழ்த்தச் சொல்லிக் குரல் கொடுப்பார். ஒருவர் என்பது பத்துக் கால்விரலும் ஒரு ஜோடிச் செருப்பும் என்று ஆகிவிடும். யார் வருகிறார்கள் என்பதை நடையின் ஓசையிலேயே கண்டுபிடித்துவிடுவேன்.

மூன்றாம் நாள் ஸ்டெல்லாவின் செருப்பு என் பார்வைக்குள் வந்து நின்றது. வழக்கம்போல உட்காரவில்லை.

"அந்தப் பழைய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். குறிப்பு குடுத்தாங்க. கூடவே ஒரு கடிதத்தோட நகல் இருக்கு. உங்க மேனேஜர் பேருக்கு."

"படி."

ஆங்கிலத்தில் இருந்ததை அவள் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னாள். இடது கண்ணில் விழித்திரை மேல்பக்கம் கிழிந்து பிரிந்திருக்கிறது. மையம் இன்னும் ஒட்டியே இருக்கிறது. இன்றே விழித்திரை மருத்துவரிடம் அனுப்பவும். விளையாடக் கூடாது.

"இன்னொரு தடவை."

மறுபடி படித்தாள். 'இன்றே' என்ற வார்த்தைக்கு அடியில் கோடு போட்டிருக்கிறது என்றாள். நான் நிமிர்ந்து அந்தக் கோட்டைப் பார்க்க ஆசைப்பட்டேன். நிமிரக் கூடாது. கண்ணீர் நேராகத் தரையில் சொட்டியது. அவள் குனிந்து புடவைத் தலைப்பால் துடைத்தாள், தரையை.

அடுத்த நாள் சேவியர் அண்ணன் வந்தார். கருப்பு ஷூ, எப்போதும்போல பளபளப்பு.

"எப்பிடிடா இருக்கே?"

"அந்த லெட்டர் எங்கண்ணா?"

ஷூ ஒரு அங்குலம் பின்னால் நகர்ந்தது.

"பைல்ல இருக்குது."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"மூணு மேட்ச்தாண்டா மிச்சம். முடிஞ்ச மறுநாளே நானே கூட்டினு போலாம்னு இருந்தேன். டாக்டருங்க அப்பிடித்தான் எழுதுவாங்க. என் முட்டிக்கும்தான் எழுதுனாங்க. அதுக்கப்புறம் ஆறு வருஷம் நான் ஆடல?"

அவரே தொடர்ந்தார். குரல் தாழ்ந்திருந்தது.

"மூணு மேட்சுக்கும் முன்னாடி உன்ன நிக்கவெச்சு கேட்டேன், தெரியுதாடான்னு. நீ இன்னா சொன்னே? இல்லண்ணான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா உன்ன உக்கார வெச்சிருப்பேன்."

அது உண்மையாகவே இருக்கலாம். அதைப் பற்றிப் பல வருடம் யோசித்துவிட்டேன். விரல் இடுக்கில் எழுத்துப் படித்தவன் நான். நன்றாகத் தெரிகிறது என்று மூன்று முறை சொன்னவனும் நான். ஆனால் அவர் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு என்னைக் கேட்டார். நான் அதைப் படிக்காமல் பதில் சொன்னேன். எங்கள் இருவரின் பொய்யும் ஒரே எடை அல்ல.

"நீங்க போங்கண்ணா," என்று மட்டும் அன்று சொன்னேன். ஷூ கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு திரும்பியது.

அறுவை சிகிச்சை முதலில் வெற்றி என்றார்கள். இரண்டு மாதத்தில் உள்ளே தழும்பு ஏற்பட்டு, அது விழித்திரையைச் சுருக்கி இழுத்து, மறுபடி பிரிந்தது. இம்முறை வாயுவுக்குப் பதிலாகச் சிலிக்கான் எண்ணெய் (விழித்திரையை நீண்ட காலம் அழுத்திப் பிடிக்கும் தெளிவான திரவம்) வைத்தார்கள். இப்போது அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் தெரியும், முன்னால் கையை ஆட்டினால் ஏதோ ஆடுவது தெரியும்.

"பத்து நாள் முன்னாடி வந்திருந்தா?" என்று கடைசிப் பரிசோதனையில் கேட்டேன்.

மருத்துவர் பேனாவை மூடினார். "அப்ப மையம் ஒட்டியிருந்துச்சு. பெரும்பாலும் பார்வை நின்னிருக்கும். உறுதியா சொல்ல முடியாது. ஆனா கேட்டீங்க, அதனால சொல்றேன்."

எல்லோரும் என்னிடம் உறுதியாகப் பேசிய காலம் முடிந்து, முதல் முறையாக ஒருவர் தனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னார். அதற்காக அவரை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

ஆலையில் என்னை ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். ஒற்றைக் கண்ணுக்கு ஆழம் தெரியாது. டம்ளருக்குப் பக்கத்தில் தண்ணீர் ஊற்றினேன். படியில் கடைசிப் படி இருக்கிறதா இல்லையா என்று காலால் தேடினேன். ஒரு வருடத்தில் மூளை வேறு வழிகள் கண்டுபிடித்துக்கொண்டது. இதே நிலையில் இருப்பவர்களுக்கு இதுவும் உண்மை. தண்ணீர் இப்போது சிந்துவதில்லை. ஆனால் இடது பக்கத்தில் இருப்பவர், பேசும்வரை அல்லது தொடும்வரை, எனக்கு இல்லாதவர்.

சில வருடம் கழித்து ஒரு ஜனவரியில், விவேக் நகர் சர்ச்சில் திருவிழாப் பூசைக்குப் போயிருந்தோம். கூட்டம் வெளியே தெருவரை. நானும் ஸ்டெல்லாவும் பந்தலுக்கு அடியில் நின்றோம், அவள் என் வலது பக்கம். பூசை முடிந்து நடந்து வரும்போது அவள் கேட்டாள்.

"சேவியர் அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை பேசியிருக்கலாம் இல்ல?"

"அவர் எங்க வந்தாரு?"

"உங்க பக்கத்துல தானே நின்னாரு. இடது பக்கம். பூசை ஆரம்பிச்சதுலேருந்து. உங்களையே பாத்துட்டு இருந்தாரு. நீங்க திரும்பவே இல்ல. வேணும்னேதான் திரும்பலன்னு நினைச்சு நானும் சும்மா இருந்தேன்."

நான் நின்றுவிட்டேன்.

"அவரும் அப்படித்தான் நினைச்சிருப்பாரு," என்றாள். "போய்ச் சொல்லட்டுமா, தெரியலன்னு?"

"வேண்டாம்," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெளிவாகத் தெரியவில்லை. ஒரு மனிதர் என் தோளுக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் முழுதாக நின்றிருக்கிறார். ஏதோ சொல்ல வந்திருக்கலாம். என் உடம்பின் கணக்கில் அந்த ஒரு மணி நேரம் நடக்கவே இல்லை.